கணினி துயிலக் கற்ற வரலாறு: லினக்ஸ் கருவும் மின்வலு மேலாண்மையும்

1996ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி பிறந்த நள்ளிரவிலே இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னோக்கி நகர்த்தப்பட்டன. மழை பொய்த்து, மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றி, நாள்தோறும் பல மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலம் அது. மாலையில் விளக்கேற்றும் வேளையைப் பிற்போட்டால் மின்சாரத்துக்கான தேவை ஓரளவு தணியும் என்பது அரசின் கணக்கு. அவ்வாண்டு ஒக்ரோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்வாங்கப்பட்டது. எஞ்சிய அரை மணித்தியாலத்தைக் கைவிட்டுப் பழைய நேரத்துக்கு நாடு திரும்பியது 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 15இலேதான். இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டமையால் ஒரு தீவிலே இரு நேரங்கள் வழங்கின. இவற்றை மக்கள் பெரும்பாலும் மறந்துவிட்டனர், கணினிகள் மறக்கவில்லை. யூனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகள் யாவும் உடன்கொண்டு திரியும் உலக நேரவலயத் தரவுத்தளத்திலே, 'ஆசியா/கொழும்பு' என்னுந் தலைப்பின்கீழ் இம்மூன்று மாற்றங்களும் இன்றும் வரிவரியாகப் பதிவாகியுள்ளன. இலங்கையின் மின்பற்றாக்குறை உலகெங்குமுள்ள கணினிகளில் விட்டுச்சென்ற தழும்பு என்று அதனைக் கூறலாம்.

அதே 1996ஆம் ஆண்டின் டிசெம்பர் மாதத்திலே இன்ரெல், மைக்ரோசொவ்ற், தொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. எனச் சுருக்கமாக வழங்கும் ஒரு விதிமுறை நூலை வெளியிட்டன. நாட்டின் மின்சாரத்தை எவ்வாறு சிக்கனப்படுத்துவது என்பது கொழும்பின் வினாவாக இருந்த வேளையில், ஒரு தனிக் கணினிக்குள் மின்சாரத்தைப் பங்கிடும் அதிகாரம் யாருக்கு உரியது என்பது அந்நூலின் வினாவாயிருந்தது. முந்திய வினாவுக்கு மின்சார சபையும் அமைச்சும் விடை கூறின. பிந்தியதற்கோ பொறியைச் செய்தவர், பணிசெயல் முறைமையை எழுதியவர், பொறியை விலை கொடுத்து வாங்கியவர் என மூவர் உரிமை கோரினர். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. மூலக்குறிமுறை பகிரங்கமாயிருக்கும் லினக்ஸ் என்னும் கருவின் வரலாற்றிலே அவ்வழக்கின் ஒவ்வொரு தவணையும் எழுத்திற் கிடைக்கின்றமையால், அதனை அங்கு வைத்து ஆராய்வதே பொருத்தமாகும்.

கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு இதனை நோக்குவதற்குக் காரணம் உண்டு. கொழும்பின் இப்பகுதி மின்சாரத்துக்குப் புதிதன்று. 1899ஆம் ஆண்டிலேயே கோட்டையிலிருந்து இதன் அயலிலுள்ள கிராண்ட்பாஸ் வரை மின்சார ட்ராம் வண்டி ஓடியது. களனிதிஸ்ஸ மின்னிலையத்தின் புகைபோக்கிகள் இங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. இருந்தும் 1996இலும், 2001-2002இலும், 2022இலும் இங்குள்ள வீடுகள் இருளில் மூழ்கின. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலத்தைத் தொட்டது. மேலைநாட்டு நூல்களில் மின்வலு மேலாண்மை என்றால் மின்கட்டணமும் விமானப் பயணத்தில் மடிக்கணினி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதுமே பேச்சாயிருக்கும். மாடிக் குடியிருப்பொன்றிலே பாதி எழுதிய ஆய்வேட்டைத் திறந்து வைத்திருக்கும் மாணவனுக்கு அது வேறு பொருள் தருவது. மின்சாரம் போன பின்னர் மடிக்கணினி செம்மையாகத் துயின்று செம்மையாக விழிக்குமா என்பதே அவனது வினா.

முதலிற் கருவைப் பற்றிச் சில சொற்கள். கேர்னல் எனப்படும் கருவானது பணிசெயல் முறைமையின் உள்ளீடு. நினைவகத்தைப் பங்கிடுவது, முறைவழியாக்கியின் நேரத்தைச் செய்நிரல்களிடையே பகிர்வது, வன்தட்டு, விசைப்பலகை, வலையமைப்பு அட்டை முதலிய சாதனங்களோடு பேசுவது ஆகியன அதன் தொழில்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனிச் சாதன இயக்கி வேண்டும். எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது எனத் தீர்மானித்த பின்னரே கரு தொகுக்கப்படும். இத்தீர்மானமே உள்ளமைவாக்கம் எனப்படுவது.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வெளியிட்ட முதற் பதிப்பிலே உள்ளமைவாக்கம் என்பது மிக எளியது. 0.01 எனும் அப்பதிப்பின் ஒரு கோப்பிலே இரண்டே இரண்டு கணினிகளின் வன்தட்டு அளவுகள் எழுதப்பட்டிருந்தன. ஒன்று அவருடையது, எட்டு மெகாபைற்று நினைவகமுடையது. மற்றையது நான்கு மெகாபைற்று உடையது. வேண்டாததைக் குறிப்புரையாக மாற்றிவிட்டு வேண்டியதை விட்டுவைக்க வேண்டும். விசைப்பலகையோ பின்லாந்து மொழிக்குரியது. வேறு மொழி வேண்டுவோர் மூலக்குறிமுறையையே திருத்தவேண்டும். வன்பொருள் ஆதரவு என்று பின்னர் பெருங்கடலாகப் பரந்த துறையின் ஊற்றுக்கண் இந்த இரு கணினிகளே. மின்வலு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் அன்றில்லை. மேசைக் கணினி சுவர்ச் செருகியில் மாட்டப்பட்டிருந்தது, வேலை முடிந்தால் ஆளியை அணைத்துவிடலாம்.

சாதனங்கள் பெருகப் பெருக வினாக்களும் பெருகின. ஒவ்வொன்றாக வினவி 'ஆம்', 'இல்லை', 'வேண்டும்போது ஏற்றுக' என்ற மூன்றில் ஒரு விடையைப் பெறும் செய்நிரல் முதலில் வந்தது. ஒரு விடை பிழைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டிய அம்முறையை அனுபவித்தோர், பின்னர் வந்த பட்டியல் வடிவத்தைப் பெரும் விடுதலையாகக் கருதினர். 2001ஆம் ஆண்டளவில் எரிக் றேமண்ட் என்பார் இம்முறைமை முழுவதையும் பைதன் மொழியிற் புதிதாக எழுத முன்வந்தார். கருவாக்குநரின் மாநாட்டிலே அதற்கு வரவேற்பும் இருந்தது. ஆயினும் கருவைத் தொகுப்பதற்கு இன்னொரு மொழியைத் துணைக்கழைப்பதா என்ற எதிர்ப்பு வலுத்து, அம்முயற்சி 2002இற் கைவிடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலே ரோமன் ஸிப்பெல் எழுதிய எளிய முறைமை 2.5.45ஆம் பதிப்பில் ஆரவாரமின்றி இடம்பிடித்தது; இன்றுவரை அதுவே நிலைபெற்றுள்ளது. ஒவ்வொரு வினாவின் அடியிலும் அதற்கான விளக்கவுரை உண்டு. அவ்வுரைகளில் அடிக்கடி காணப்படும் அறிவுரை, ஐயமிருப்பின் 'இல்லை' எனச் சொல்லிவிடுக என்பதாம். சில இடங்களில் ஐயமிருப்பின் 'ஆம்' என்க என்றும் வரும். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில் எழுதியவரின் அனுபவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இவ்வுரைகளை ஓர் இலக்கிய வகையாகவே கொண்டு படிக்கலாம் என்பது மிகையன்று. பழைய உரையாசிரியரின் சுருக்கமும் இடையிடையே அவருடைய எள்ளலும் அவற்றில் உண்டு.

மின்வலு மேலாண்மை கருவுக்குள் நுழைந்தது மடிக்கணினியோடுதான். இன்ரெல் நிறுவனம் 1990இல் வெளியிட்ட 386எஸ்.எல். என்னும் முறைவழியாக்கியில் ஒரு புதுமை இருந்தது. குறித்த ஒரு சைகை வந்ததும் முறைவழியாக்கி தான் செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தி, ஒரு மறைவான நிலைக்குச் சென்று, பொறியைச் செய்தவர் வைத்துச்சென்ற கட்டளைகளை நிறைவேற்றிவிட்டு, ஒன்றும் நடவாதது போல் மீண்டுவரும். மின்கலவடுக்கைக் கவனிப்பதும் திரையை அணைப்பதும் இவ்வாறு நடைபெறும். பணிசெயல் முறைமைக்கு இது தெரியாது. தன் காலத்திலிருந்து சில கணங்கள் களவு போனதை அது உணரவும் மாட்டாது. ஒரு வீட்டின் தலைவர் உறங்கும் வேளையில் வீட்டுச் சொந்தக்காரர் பிறிதொரு திறப்பால் உள்நுழைந்து விளக்கை அணைத்துப் போவதை ஒத்தது இது.

இம்மறைவுக்கும் கருவுக்கும் இடையே ஒரு பேச்சுவார்த்தையை ஏற்படுத்தவே 1992இல் இன்ரெலும் மைக்ரோசொவ்றும் ஏ.பி.எம். என்னும் விதிமுறையை வகுத்தன. இதன்படி அதிகாரம் பொறியின் பயோஸ் என்னும் நிலைபொருளிடமே இருக்கும். கரு அதனை அவ்வப்போது கேட்டறியும். தனக்கு வேலையில்லாத வேளையைத் தெரிவிக்கும். துயிலப்போகலாமா என்று பயோஸ் கேட்டால் உடன்படும் அல்லது மறுக்கும். லினக்ஸ் கருவுக்கு இதற்கான இயக்கியை 1994 முதல் எழுதியவர் அவுஸ்திரேலியரான ஸ்டீபன் றொத்வெல். என்.ஈ.சி. நிறுவனமும் அதன் அவுஸ்திரேலியக் கிளையும் தொடக்கப் பணிக்குப் பொருளுதவின என்று மூலக்குறிமுறையின் தலைப்பே கூறுகின்றது.

அந்த இயக்கியின் உள்ளமைவு வினாக்களைப் படிப்பவர் அக்காலத்து வன்பொருளுலகின் உண்மை நிலையைக் கண்டுகொள்வர். பயோசைக் கூப்பிடும்போது குறுக்கீடுகளை அனுமதிப்பதா என்பது ஒரு வினா. பயோஸ் ஒழுங்காக நடவாதெனின் தீங்கு குறையட்டும் என்று கரு இயல்பாக அவற்றை அடைத்து வைக்கும். தேவையானால் பயோஸ் தானே திறந்துகொள்ள வேண்டும். ஆனால் சில பொறிகள், குறிப்பாக ஐ.பி.எம். திங்பேட் வகையிற் பல, திறப்பதில்லை, எனவே துயிலச் செய்யும்போது பொறி உறைந்துபோனால் 'ஆம்' என்க என்பது விளக்கவுரையின் பொருள். இன்னொரு வினா, கணினி தொடங்கும்போதே மின்வலுச் சிக்கனத்தை இயக்குவதா என்பது. அதனை இயக்கினால் ஒருசில பொறிகள் துயிலுவதற்குப் பதிலாக ஓயாமற் கூவும் என்று உரை எச்சரிக்கின்றது; அப்பொறிகளின் பெயர்களும் தரப்பட்டுள்ளன. எல்லாவற்றிலுஞ் சுவையானது, காரணம் விளங்காக் கோளாறுகளுக்கு அவ்வுரை தரும் வைத்திய வரிசை. இடமாற்றுப் பரப்பு போதியதா எனப் பார்ப்பதில் தொடங்கி, முறைவழியாக்கிக்கு நல்ல விசிறி பொருத்துவது, நினைவகச் சில்லுகளை மாற்றுவது என்று படிப்படியாக ஏறி, ஈற்றில் தாய்ப்பலகையையே மாற்றிவிடும்படி கூறி முடிகின்றது. பரியாரியார் கடைசியில் ஆளை மாற்றச் சொன்ன கதைதான்.

பொறிகளின் பிழைகளைத் தாங்குவதற்கென்றே கருவுக்குள் ஒரு பட்டியல் வளர்ந்தது. பொறி தன் பெயரையும் செய்தவரின் பெயரையும் கூறும். பட்டியலில் அப்பெயர் இருப்பின் கரு தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும். சொனி நிறுவனத்தின் பல மடிக்கணினிகள் மின்கலவடுக்கு இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற எண்ணின் இரு பைற்றுகளை முன்பின்னாக மாற்றித் தந்தன. கரு அவற்றைத் திருப்பிப் போட்டுப் படித்தது. விதிமுறை நூலில் இல்லாத இந்த அறிவு எங்கிருந்து வந்தது? விலை கொடுத்து வாங்கி, எண்ணைப் பார்த்துத் திகைத்து, மின்னஞ்சல் எழுதிய பயனாளரிடமிருந்தே வந்தது. வன்பொருள் ஆதரவின் வரலாற்றை நிறுவனங்களின் வரலாறாக மாத்திரம் எழுதுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

ஏ.சி.பி.ஐ. இந்நிலையைத் தலைகீழாக்குவதாக உறுதியளித்தது. இனி மேலாண்மை பயோசிடம் இராது. பணிசெயல் முறைமையே ஆளும். பொறியைச் செய்தவர் தம் பொறியின் அமைப்பை அட்டவணைகளில் எழுதிவைக்க வேண்டும். அவற்றில் வெறுந் தகவல்கள் மட்டுமல்ல, ஒரு தனி மொழியில் ஆக்கப்பட்ட செய்நிரல்களும் இருக்கும். மூடியைத் திறந்தால் என்ன செய்வது, விசிறியை எவ்வெப்பத்தில் இயக்குவது, மின்கலவடுக்கின் நிலையை எங்கே படிப்பது என்பவற்றுக்கான கட்டளைகள் அவற்றுள் அடங்கும். அவற்றை வரிவரியாகப் படித்து நிறைவேற்றும் உறுப்பைக் கரு தன்னகத்தே கொண்டிருக்க வேண்டும். அவ்வுறுப்பை இன்ரெல் நிறுவனமே எழுதி எல்லா முறைமைகளுக்கும் வழங்கியது. 2001ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4இன் காலத்தில் அன்ட்ரூ குறோவர் அதனைக் கருவோடு இணைத்து வளர்த்தார். பின்னர் லென் பிறவுணும், அவருக்குப்பின் ரஃபயேல் விசோட்ஸ்கியும் அப்பொறுப்பை ஏற்றனர்.

இம்மாற்றத்தை அதிகாரம் நிலைபொருளிடமிருந்து கருவுக்குக் கைமாறியதாகக் கூறுவது வழக்கம். அக்கூற்று பாதியே உண்மை. நிறைவேற்றும் கடமை கருவுக்கு மாறியது, அறிவு மாறவில்லை. தான் நிறைவேற்றும் கட்டளை எதற்காக எழுதப்பட்டது என்பது கருவுக்குத் தெரியாது. பிறர் எழுதிய ஓலையைப் பிரித்துப் பாராமற் சபையில் வாசிக்கும் தூதுவனின் நிலை அதனுடையது. அவ்வோலைகளோ பிழை மலிந்தவை. மைக்ரோசொவ்ற் தந்த தொகுப்பான் பொறுத்துக்கொண்ட பல தவறுகளை இன்ரெலின் தொகுப்பான் ஏற்க மறுத்தது. ஆகவே, தம் கணினியின் அட்டவணையை எடுத்து, மனிதர் படிக்கும் வடிவுக்கு மாற்றி, பிழை களைந்து, மீளத் தொகுத்துக் கருவோடு சேர்க்கும் கலையைப் பயனாளர்கள் கற்றுக்கொண்டனர். அதற்கென உள்ளமைவிலே ஒரு வினாவும் சேர்ந்தது. தோர்வால்ட்ஸ் ஏ.சி.பி.ஐ.யை வடிவமைப்பிற் பெருந் தோல்வி என்று 2003ஆம் ஆண்டளவில் வெளிப்படையாகவே சாடினார். ஆயினும் அதனைத் தவிர்த்து மடிக்கணினியை இயக்க வழியில்லை என்பதையும் அவர் அறிவார்.

இவ்வரலாற்றில் ஒரு மடல் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். 1999ஆம் ஆண்டு ஜனவரி 24ஆந் திகதி பில் கேற்ஸ் தம் நிறுவனத்தார்க்கு எழுதிய அது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கொன்றிற் சான்றாக முன்வைக்கப்பட்டு வெளியுலகுக்கு வந்தது. ஏ.சி.பி.ஐ.யின் விரிவுகளை ஏதோவொரு வகையில் விண்டோஸ் முறைமைக்கே உரியனவாக ஆக்கமுடியாதா, தம் கூட்டாளிகள் உழைத்து முடித்ததும் லினக்ஸ் உழைப்பின்றிப் பயன் பெறுவது நியாயமா என்ற கருத்து அதில் உள்ளது. அதனைச் சதித்திட்டத்தின் பட்டயமாகக் காட்டுவோர் உளர். ஆனால் மடலில் இருப்பது விருப்பமும் வினாவும் மாத்திரமே. அவ்வாறு செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது. உண்மையில் சதி எதுவும் வேண்டியிருக்கவில்லை. மடிக்கணினியைச் செய்தவர்கள் விண்டோஸ் முறைமையில் ஓடுகின்றதா என்று மட்டுமே சோதித்தனர். விதிமுறை நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் சிலரே. சந்தையின் வழக்கமே அந்த மடல் விரும்பியதைச் செய்து முடித்தது.

அதன் விளைவு விந்தையானது. அட்டவணையிலுள்ள செய்நிரல், தன்னை நிறைவேற்றும் முறைமையின் பெயரை வினவலாம். லினக்ஸ் உண்மைப் பெயரைக் கூறினால், ஒருவரும் சோதித்துப் பாராத வழியிற் செய்நிரல் செல்லும், பொறி தடுமாறும். விண்டோஸ் என்று கூறினால் சோதிக்கப்பட்ட வழியிற் செல்லும், பொறி இயங்கும். ஆகவே லினக்ஸ் கரு விண்டோஸ் என்றே விடையளிக்கின்றது. ஒரு காலத்தில் 'லினக்ஸ்தானா?' என்ற வினாவுக்கும் ஆம் என்றது. அதனைச் சில நிலைபொருள்கள் தவறாகப் பயன்படுத்தத் தொடங்கியதும், 2007ஆம் ஆண்டளவில் அவ்விடையையும் நிறுத்திக்கொண்டது. தன் பெயரை மறைத்து அஞ்ஞாதவாசம் செய்வதே அதற்குப் பாதுகாப்பாயிற்று.

இனித் துயிலுக்கு வருவோம். ஏ.சி.பி.ஐ. பல துயில்நிலைகளை வகுத்தாலும் நடைமுறையில் இரண்டே முக்கியமானவை. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் ஊட்டி ஏனையவற்றை அணைப்பது ஒன்று. விழிப்பு விரைவாயினும் மின்கலவடுக்கு மெல்ல மெல்லக் கரையும். நினைவகத்தில் உள்ளதனைத்தையும் வன்தட்டில் எழுதிவிட்டு முற்றாக அணைந்துபோவது மற்றையது; இது கும்பகருணன் துயில், விழிக்க நேரமெடுக்கும், ஆனால் எத்தனை நாள் உறங்கினாலும் மின்சாரம் செலவாகாது.

இரண்டுக்கும் கருவிலே ஓர் ஒழுங்கு தேவை. வலையமைப்பு அட்டை ஒரு பாட்டையிலே தொங்குகின்றது. அப்பாட்டை இன்னொன்றில் தொங்குகின்றது. தாய்ப் பாட்டையை முதலில் அணைத்துவிட்டால் பிள்ளையோடு பேச வழியில்லை. எனவே கிளை நுனியிலிருந்து வேர் நோக்கி அணைத்து, வேரிலிருந்து நுனி நோக்கி எழுப்பவேண்டும். அதற்கு எந்தச் சாதனம் எதனைச் சார்ந்தது என்ற குலமுறைக் கிளத்து வேண்டும். பழைய கருவில் அத்தகையது இருக்கவில்லை. ஒவ்வோர் இயக்கியும் தன்போக்கில் இருந்தது. பற்றிக் மோச்செல் என்பவர் 2001 முதல் 2003 வரை அக்கிளத்தைக் கட்டினார். துயிலுக்காகக் கட்டப்பட்ட அதுவே சாதனங்கள் அனைத்தையும் பயனாளருக்குக் கோப்புகளாகக் காட்டும் பேரமைப்பாக வளர்ந்தது. இன்று ஒரு சாதனத்தைச் செருகியதும் கணினி அதனை அறிந்துகொள்கின்றது என்றால் அதற்கு அடிப்படை அங்கேயுள்ளது. மின்வலுப் பிரச்சினையே வன்பொருள் ஆதரவின் முழு வடிவையும் மாற்றியமைத்தது எனலாம்.

வன்தட்டில் எழுதித் துயிலும் முறையை காபர் குட்டி என்பவர் 1998 முதல் எழுதினார். செக் நாட்டவரான பவெல் மாசெக் அதனை வளர்த்து 2002இல் கருவில் இணைத்தார். நிலைபொருளின் தயவு இதற்குத் தேவையில்லை என்பதே இதன் சிறப்பு. ஓடும் செய்நிரல்களை எல்லாம் உறையவைத்து, நினைவகத்தின் படியொன்றை எடுத்து, இடமாற்றுப் பரப்பில் எழுதி, அணைத்துவிடும். மறுபடி மின்சாரம் வந்து கணினியைத் தொடங்கினால், புதிதாக எழுந்த கரு அப்பரப்பில் ஓர் அடையாளத்தைக் காணும். பழைய படியை நினைவகத்தில் நிரப்பித் தன் இடத்தை அதற்கு விட்டுக்கொடுத்து மறையும். கூடுவிட்டுக் கூடுபாய்தல் என்று நம் கதைகள் சொல்வது இதுதான். இடையிலே வன்தட்டைத் தொட்டால் தரவு அழியும் என்ற கடும் எச்சரிக்கையும் அதன் ஆவணத்தில் உண்டு. அக்காலத்து முறை நினைவகத்தின் ஏறத்தாழ அரைப்பங்கையே காக்கக்கூடியதாயிருந்தது. நைஜல் கன்னிங்ஹாம் முழுவதையும் சுருக்கிக் காக்கும் வேறொரு முறையை எழுதிப் பல்லாண்டு பேணினார். பயனாளர் பலர் அதனையே விரும்பினர். ஆயினும் அது அளவிற் பெரிது, கருவின் பல இடங்களைத் தொடுவது என்பதால் ஒருபோதும் ஏற்கப்படவில்லை. தகுதியுடையது வெளியே நிற்பதும் எளியது உள்ளே நிற்பதும் கருவின் வரலாற்றிற் புதிதன்று; ரோமன் ஸிப்பெலின் கதையிலும் இதே நியாயமே வென்றது.

இவ்விடத்தில் பெங்களூருக்கு ஒரு பங்குண்டு. பழுதுபட்ட முறைவழியாக்கியைப் பெருங்கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றும் வசதியை அவுஸ்திரேலியரான றஸ்ரி றசல் தொடங்க, பெங்களூர் ஐ.பி.எம். நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரீவத்ச வட்டகிரி முதலியோர் அதனை நிறைவு செய்தனர். 2004இல் அது கருவில் இடம்பெற்றது. அவர்கள் நோக்கியது வங்கிகளின் பெரும்பொறிகளை. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் மடிக்கணினியிலும் இரு முறைவழியாக்கிகள் வந்துசேர, துயிலுமுன் ஒன்றைத் தவிர ஏனையவற்றைக் கழற்றிவிடுவது எவ்வாறு என்ற சிக்கலுக்கு அவ்வசதியே விடையாயிற்று. ஒவ்வொரு முறை மடிக்கணினியின் மூடி சாத்தப்படும்போதும் பெரும்பொறிக்கென எழுதப்பட்ட அந்நிரல் ஓடுகின்றது.

துயிலில்லாத வேளையிலும் சிக்கனம் வேண்டும். இங்கே குற்றவாளி கருவேதான். பழைய கரு விநாடிக்கு நூறு முறை துடிக்கும் கடிகாரத்தைக் கொண்டிருந்தது. 2.6ஆம் பதிப்பில் அது ஆயிரமாக்கப்பட்டது. வேலையற்று இருக்கும்போதும் முறைவழியாக்கி விநாடிக்கு ஆயிரம் முறை தட்டியெழுப்பப்பட்டால் ஆழ்ந்த ஓய்வுக்குச் செல்வது எங்ஙனம்? மின்கலவடுக்குக் கரைவதாகக் குறை எழவே, 2005இல் இவ்வெண்ணை உள்ளமைவிலே தெரிவுசெய்யும் வாய்ப்பு வந்தது. இயல்பாக 250 என வைக்கப்பட்டது. அது சமரசமே. 2007ஆம் ஆண்டு ஏப்பிரலில் தோமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் ஆக்கிய, வேலையில்லாவிடின் துடிக்காத கடிகாரம் 2.6.21ஆம் பதிப்பிற் சேர்ந்தது. அடுத்த மாதமே இன்ரெலைச் சேர்ந்த ஆர்யன் வன் டி வென் ஒரு சிறு கருவியை வெளியிட்டார். எந்தச் செய்நிரல் விநாடிக்கு எத்தனை முறை கணினியைத் தட்டியெழுப்புகின்றது என்று அது பெயர் சொல்லிக் காட்டியது. கரு திருந்தியதும் மேலேயுள்ள செய்நிரல்களின் பழக்கங்கள் அம்பலமாயின. பயனற்றுச் சுற்றிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. முறைவழியாக்கியின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் முறையை வெங்கடேஷ் பல்லிபாடி 2004இலேயே எழுதியிருந்தார். பல ஆண்டு நிலைபொருளைக் குறைகூறிய பின்னர், கணிசமான மின்சாரம் தம் வீட்டுக்குள்ளேயே ஒழுகியதைக் கருவாக்குநர் கண்டுகொண்டனர் என்பது நேர்மையோடு பதியப்பட வேண்டியது.

அண்மைக் காலம் மகிழ்ச்சிக்குரியதன்று. கைத்தொலைபேசியைப் போல் மடிக்கணினியும் எப்போதும் அரைத்துயிலில் இருந்து செய்திகளைப் பெறவேண்டும் என்ற எண்ணம் 2012ஆம் ஆண்டின் பின் வலுப்பெற்றது. புதிய பொறிகள் பலவற்றில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் ஊட்டும் பழைய துயில்நிலை நிலைபொருளிலிருந்தே நீக்கப்பட்டது. கரு 2013இல் அதற்கேற்ற அரைத்துயிலைக் கற்றுக்கொண்டாலும், ஒரு சாதனம் ஒத்துழையாவிடின் மூடிய மடிக்கணினி பைக்குள்ளே சூடேறிக் கிடக்கும். நெடுந்துயிலின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. உபுண்டு 2012இலிருந்து அதனைத் தன் பட்டியலில் இயல்பாகக் காட்டுவதில்லை. 2019இல் வெளியான 5.4ஆம் பதிப்பில் கருவைப் பூட்டிவைக்கும் பாதுகாப்பு முறை சேர்ந்தது. பாதுகாப்பான தொடக்கம் என்னும் நிலைபொருள் ஏற்பாடு இயங்கும் கணினிகளில் பல விநியோகங்கள் அப்பூட்டையும் இயக்குகின்றன. வன்தட்டிலுள்ள படியை இடையில் ஒருவர் திருத்தியிருக்கலாம் என்ற ஐயத்தால், பூட்டிய கரு நெடுந்துயிலை மறுத்துவிடும். ஐயம் நியாயமானதே. ஆனால் 2022இலே பதின்மூன்று மணித்தியால இருளுக்கு ஈடுகொடுக்கக்கூடிய துயில் அது ஒன்றே. அரைத்துயில் மின்கலவடுக்கைத் தின்றுவிடும். மின்சாரம் என்றும் நில்லாத நாட்டிலிருந்து எழுதப்படும் இயல்புத் தெரிவுகள், அது அடிக்கடி நிற்கும் நாட்டிலே பிழையான தெரிவுகளாகிவிடுகின்றன. உள்ளமைவுப் பட்டியலைத் திறந்து அவற்றை மாற்றும் உரிமை பயனாளருக்கு உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்திலோ மொறட்டுவையிலோ கற்கும் மாணவர் ஒரு பிற்பகலில் அதனைச் செய்து முடிக்கலாம். ஆனால் நிலைபொருளிலிருந்து நீக்கப்பட்ட துயில்நிலையை எந்த வினாவுக்கு 'ஆம்' என்றாலும் மீட்கமுடியாது. ஏ.பி.எம். காலத்துச் சொந்தக்காரர் திறப்பைக் கையளித்ததாகக் கூறிய பின்னரும் அறைகளை இடிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

ஏ.சி.பி.ஐ. விதிமுறை 2013ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மூல நிறுவனங்களின் கையிலிருந்து யூ.ஈ.எவ்.ஐ. மன்றத்துக்கு மாறியது. அதற்குச் சில மாதம் முன்பு, பெப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.8இலிருந்து 386 முறைவழியாக்கிக்கான ஆதரவு நீக்கப்பட்டது. அதனைப் பேணுவதால் ஏனையவற்றுக்கு நேரும் சிக்கல் பெரிதென்று நீக்கத்தை முன்மொழிந்த மோல்னார் விளக்கினார். தாம் முதன்முதலிற் கருவை எழுதியது அவ்வகைப் பொறியிலேயாயினும் அதற்காக வருந்தப்போவதில்லை என்று கூறித் தோர்வால்ட்ஸ் அம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்.